56 ஆண்டுகள் கழித்து வந்த கைம்மாறு

1935-இல் டோக்கியோவில் ஓர் இளம்பெண்ணுக்கு ஜூடோ கற்றுக்கொள்ள வரும்படி அழைப்பு வந்தது. பெண்ணுக்கு வயது 21. அழைத்தவருக்கு 74. அவர் ஜிகோரோ கானோ. ஜூடோவை உருவாக்கியவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர், ஆசியாவிலிருந்து சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குப் போன முதல் உறுப்பினர். அந்தப் பெண்ணோ அதுவரை பயிற்சிப் பாயில் கால் வைத்ததே இல்லை. தூரிகை எழுத்து, பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு என்று அன்றைய ஜப்பானில் நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்கும் கலைகளைக் கற்று வளர்ந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. எடையும் 45 கிலோவுக்கு உள்ளேதான். பெயர் கெய்கோ ஃபுகுதா.

இவ்வளவு பெரிய மனிதர் இந்தச் சிறு உருவப் பெண்ணை ஏன் தாமே அழைத்தார்? விடை அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரில் இருக்கிறது. அவருடைய தாத்தா ஹச்சினோசுகே ஃபுகுதாதான் கானோவுக்கு முதன்முதலில் ஜூஜூட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஆசான். அவர் இறந்து 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. பேத்தி தம் தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லை.

இந்த ஓர் அழைப்பையும் அதன் பின்விளைவுகளையும்தான் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறேன். காரணம் சொல்லிவிடுகிறேன். நான் ஜூடோ பயிற்சியாளன். ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் ஒரு பேனாவோ பூவோ கொண்டுவந்து நீட்டி, "எல்லாம் உங்களால்தான் மாஸ்டர்" என்கிறார்கள். மனம் நிறைந்துதான் போகிறது. ஆனால் அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. என்னை ஆளாக்கிய ஆசான் போய்விட்டார். என் கீழே ஆயிரம் முறை விழுந்து என்னைத் தேற்றிய கூட்டாளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பட்ட கடனை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? பல நாள் என்னை விடாத கேள்வி இது. கானோவின் அந்த அழைப்பைப் பற்றி அறிந்தபோதுதான் இதற்கு முன்னமே ஒருவர் வழி கண்டிருக்கிறார் என்று புரிந்தது.

பத்துப் பாய் அறை

1877-இல் கானோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒல்லியான உடம்பு. பள்ளி நாட்களில் வலுத்த பையன்களிடம் அடிபட்டுக் குமைந்தவர். தற்காப்புக் கலை கற்றே தீருவது என்று ஆசான் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. சாமுராய்களின் காலம் முடிந்து, மெய்ஜி அரசு மேற்கத்திய முறைகளில் மும்முரமாக இருந்த நேரம் அது. ஜூஜூட்சுவுக்கு மதிப்புப் போய்விட்டது. பழைய ஆசான்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு வைத்தியரைத் தேடிப் போனால் ஆசானைக் கண்டுபிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு விசாரித்து அலைந்துதான் கானோ, ஹச்சினோசுகே ஃபுகுதாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடிமுறை சொல்லித்தரும் ஆசானே வர்ம வைத்தியமும் பார்ப்பதை அங்கே தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள். உடம்பை எங்கே தட்டினால் சாயும் என்று தெரிந்த கைக்கு, சாய்ந்ததை நிமிர்த்தவும் தெரியும்.

ஃபுகுதா டென்ஜின் ஷின்யோ என்ற ஜூஜூட்சு மரபைச் சேர்ந்தவர். சிகிச்சை அறையை ஒட்டிய பத்துப் பாய் பரப்புள்ள ஓர் அறைதான் அவருடைய பயிற்சிக் கூடம். ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. ஆகவே அறையின் அளவை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். மாணவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அங்கே நடந்ததாகக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி, பயிற்சியாளர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. ஒரு நாள் ஆசான் அவரைத் தூக்கிப் போட்டார். எப்படிப் போட்டீர்கள் என்று எழுந்து கேட்டார் மாணவர். வா என்று கூப்பிட்டு மறுபடியும் போட்டார் ஆசான். கையை எப்படி வைத்தீர்கள், காலை எங்கே வைத்தீர்கள் என்று மாணவர் விடவில்லை. வா என்று மூன்றாம் முறையும் போட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமா இது, பலமுறை செய்தால் தானே வரும் என்பதுதான் ஆசான் சொன்ன விளக்கம்.

பல்கலைக்கழக மாணவரான கானோ பின்னாளில் ஒவ்வோர் எறிதலையும் நிலை குலைத்தல், உள்ளே புகுதல், எறிதல் என்று பிரித்துச் சொல்லும் விளக்க முறையை உருவாக்கினார். ஆசானின் வழிக்கு நேர் எதிரான வழி. ஆனாலும் அவருடைய முறையின் வேர் ஃபுகுதாவிடம்தான் இருக்கிறது. அக்காலத்துக் கூடங்கள் பலவற்றில் வகுத்துவைத்த அசைவு வரிசைகளை மட்டும் செய்துகொண்டிருந்தபோது, ஃபுகுதா மாணவர்களை நேருக்கு நேர் தளையின்றிப் பிடிக்க விட்டார். இன்று உலகெங்கும் ஜூடோ மாணவர்கள் நாள்தோறும் செய்யும் ராண்டோரி பயிற்சியின் விதை அந்தப் பத்துப் பாயில் விழுந்தது.

அந்த நாட்களில் கானோ உடம்பெல்லாம் காயத்தோடு மருந்துப் பசை பூசிக்கொண்டு வகுப்புக்குப் போவார். அதன் நெடியை வைத்துச் சக மாணவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அப்போது அணிந்திருந்த மேற்சட்டையை, அவர் பின்னாளில் தொடங்கிய கோடோகான் என்ற ஜூடோ கூடம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. கிழிந்து, தைத்து, மறுபடியும் கிழிந்து தைத்த சட்டை. உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1879 ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் யுலிசீஸ் கிராண்ட் ஜப்பானுக்கு வந்திருந்தபோது, அவர் முன்னால் ஜூஜூட்சு செய்துகாட்டிய குழுவில் ஆசான் ஃபுகுதாவும் இருந்தார், மாணவர் கானோவும் இருந்தார். அதன் பிறகு சிறிது காலத்திலேயே ஃபுகுதா காலமானார். வயது 52. கூடத்தைத் தொடர்ந்து நடத்தும்படி ஆசானின் குடும்பத்தார் கானோவிடம் கேட்டுக்கொண்டார்கள். 18 வயதுப் பையனுக்கு அது தாங்க முடியாத சுமை. தம் கல்வி போதாது என்று உணர்ந்து மசடோமோ இசோ என்ற ஆசானிடமும், அவரும் மறைந்த பிறகு கிட்டோ மரபின் சுனெடோஷி இகுபோவிடமும் போய்ச் சேர்ந்தார். 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் பரப்பில் தம் சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் ஒன்பதே மாணவர்கள். கட்டணம் கிடையாது, மொழிபெயர்ப்பு வேலை செய்து அந்தப் பணத்தில் கூடத்தை நடத்தினார். பையன்கள் விழுந்த வேகத்தில் தரைப் பலகை நொறுங்கும்போதெல்லாம் இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் புகுந்து தாமே சரிசெய்தார். அதுதான் கோடோகான்.

கீழே விழுபவர்

கெய்கோவின் கதைக்குப் போகுமுன் பயிற்சிப் பாயில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால், கானோ ஏன் 56 ஆண்டுகள் ஒரு கடனை மறக்கவில்லை என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது.

ஜூடோவில் எறிபவருக்கு டோரி என்று பெயர், விழுபவருக்கு உக்கே. தோளுக்கு மேலாகத் தூக்கிப் போடும் செயோ நாகேயை ஒரு மாணவி பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு முறை போட்டால்தான் ஏதோ பிடிபடும். இருநூறு முறை அவள் எறிய வேண்டுமென்றால் இன்னொருத்தி இருநூறு முறை விழ வேண்டும். விழுபவள் தன் முதுகை, கழுத்தை, மூச்சை எல்லாம் எதிரில் இருப்பவளின் அரைகுறைக் கைகளில் ஒப்படைக்கிறாள். எறிபவள் அதற்குப் பதிலாகச் செய்வது ஒன்றே ஒன்று. உடல் காற்றில் சுழலும்போது, பிடித்த சட்டைக் கையை விடாமல் கடைசி நொடியில் மேல்நோக்கி ஓர் இழுப்பு இழுக்கிறாள். அந்த இழுப்பில் விழுபவளின் தலை பாயில் மோதாமல் உயர்கிறது. பக்கவாட்டாக விழுந்து கையால் பாயை அறைகிறாள். 'டப்' என்று ஒரு சத்தம். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வந்து நிற்கிறாள்.

பல ஆண்டுகளாக அந்தச் சத்தத்தின் நடுவில் நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், கையை விட்டுவிட்ட எறிதல் எது, பிடித்துக்கொண்ட எறிதல் எது என்று சொல்லிவிடுவேன்.

ஒருவர் தனியாகக் கற்க முடியாத கலை இது. எனக்குத் தெரிந்த ஒவ்வோர் உத்தியும் யாரோ ஒருவர் தம் உடம்பை எனக்குக் கடன் கொடுத்ததால் வந்தது. கானோ 1922-இல் தம் இயக்கத்தின் கொள்கையாக அறிவித்த இரண்டு வாசகங்களில் ஒன்று ஜிதா கியோயெய். தானும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்று அதைச் சொல்லலாம். மேடைப் பேச்சுக்கு ஏற்ற வாசகமாகத் தோன்றும். பாயில் விழுந்து எழுந்தவருக்கு அது கணக்கு வழக்கு.

நம் மொழியில் நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருள், செய்த நன்மை. அதனால்தான் நன்றியை அறிதல், நன்றியை மறத்தல், நன்றியைக் கொல்லுதல் என்றெல்லாம் சொல்கிறோம். பிற்காலத்தில் அது மனத்தில் எழும் உணர்ச்சிக்கும் வாயால் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் பெயராகிவிட்டது. கானோவின் செயலைப் புரிந்துகொள்ள எனக்குப் பழைய பொருளே உதவுகிறது. ஆசான் செய்த நன்மை ஒரு பொருளைப் போல அவர் கையில் இருந்தது. அதை யாரிடமாவது சேர்க்க வேண்டியிருந்தது.

அழைப்பும் அதை ஏற்றதும்

கோடோகானில் பெண்கள் பிரிவு 1926-இல் முறையாகத் தொடங்கியது. கெய்கோ முதலில் தம் தாயாருடன் வெறுமனே பார்க்கத்தான் போனார். பெண்கள் காலை அகட்டி நின்று ஒருவரையொருவர் தூக்கிப் போடுவதைக் கண்டு திகைத்துப்போனார். சில மாதம் யோசித்த பிறகுதான் சேர்ந்தார். அப்போது அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 24 பேர். தாயும் அண்ணனும் சம்மதித்தார்கள். மாமா ஒருவர் எதிர்த்தார். சம்மதித்த இருவரின் மனத்திலும், கூடத்தில் நல்ல மாப்பிள்ளை ஒருவர் அமைவார் என்ற எண்ணம் இருந்தது. கெய்கோ கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மணம் என்றால் ஜூடோவை விட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

1937-இல் அவர் பயிற்சியாளரானார். 1938 மே 4-ஆம் தேதி, கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த கானோ நடுக்கடலில் காலமானார். ஆக, கெய்கோவுக்கு அவரிடம் கிடைத்த காலம் சுமார் மூன்று ஆண்டுகள். ஃபுகுதாவிடம் கானோவுக்குக் கிடைத்ததோ சுமார் இரண்டே ஆண்டுகள். ஒரு வாழ்க்கையைத் திருப்ப எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கும்போது இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வருகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசானின் குடும்பத்துக்குச் செய்ய நினைத்திருந்தால் பணமோ பரிசோ கொடுத்திருக்கலாம், நினைவு விழா எடுத்திருக்கலாம். கானோ கொடுத்தது பயிற்சி. ஆசானிடம் தாம் எதை வாங்கினாரோ அதையே, வளர்த்து, அவருடைய பேத்தியின் கையில் வைத்தார்.

கருப்பு பெல்ட்டில் வெள்ளைக் கோடு

ஆய்வு என்று எடுத்துக்கொண்ட பிறகு உறுத்தும் பகுதியைத் தாண்டிப் போக முடியாது.

கோடோகான் கதவைத் திறந்தது, முழுவதும் திறக்கவில்லை. அன்று பெண்கள் போட்டிகளில் இறங்கக் கூடாது. அவர்களுடைய கருப்பு பெல்ட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது ஆண்களின் பெல்ட்டில் கிடையாது. எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, பெண்களுக்கு 5-ஆம் டானுக்கு மேல் தகுதி நிலை கிடையாது என்ற விதி. டான் என்பது கருப்பு பெல்ட் பெற்றவர்களின் படிநிலை. கெய்கோ 1953-இல் 5-ஆம் டான் பெற்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஜூ-நோ-காட்டா என்ற அசைவு வரிசையைச் செய்துகாட்டினார். அதாவது, உலகத்துக்குக் காட்டுவதற்கு அவருடைய திறமை வேண்டியிருந்தது. உயர்த்துவதற்கு மட்டும் விதி குறுக்கே நின்றது. 19 ஆண்டுகள் அவர் அதே 5-ஆம் டானில் நிறுத்திவைக்கப்பட்டார். அவரிடம் கற்ற ஆண்கள் அவரைக் கடந்து போகக்கூடிய நிலை.

கோடோகான் மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. என் பிழைப்பும் என் வாழ்வும் அது தந்தவை. அதனால்தான் சொல்கிறேன், இது நன்றியைக் கொன்ற செயல். ஆசானுக்குக் கைம்மாறாக அழைக்கப்பட்ட ஒருவரைப் பாதி வழியில் நிறுத்திவைத்தால் அந்தக் கடன் கட்டப்படாமல்தான் கிடக்கும்.

அதைக் கட்டியவர்கள் மாணவிகள். கெய்கோ 1953-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர ஜூடோ சங்கம் ஒன்றின் அழைப்பில் போய்ச் சுமார் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார். 1966-இல் மறுபடியும் போனார், மில்ஸ் கல்லூரியில் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரிடம் கற்ற ஷெல்லி ஃபெர்னாண்டஸ் பெண்ணுரிமை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். தம் ஆசான் இத்தனை ஆண்டு ஒரே நிலையில் நிறுத்தப்பட்டிருப்பதை அறிந்ததும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. கோடோகானுக்குக் கடிதங்கள் பறந்தன. 1972-இல் விதி தளர்ந்தது. கெய்கோ 6-ஆம் டானுக்கு உயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59.

மாணவி தன் ஆசானுக்காக எழுதிய கடிதமும் ஒரு பயிற்சிதான் என்று நினைக்கிறேன். ஆசான் தம் வாயால் கேட்க முடியாததை மாணவி கேட்டாள். விழுபவளின் சட்டைக் கையை விடாமல் இழுத்துப் பிடிப்பது போன்ற காரியம் அது.

பயிற்சியாளரின் நன்றி

கெய்கோவின் வகுப்பு வளர்ந்த விதம் கோடோகானின் தொடக்கத்தை நினைவூட்டுகிறது. முதலில் மாணவியின் வீட்டில் நடந்தது. இடம் போதாமல் சோகோஜி என்ற ஜென் புத்தர் கோயிலுக்கு மாறியது. பிறகு சோகோ ஜோஷி என்ற பெயரில் பெண்களுக்கான சொந்தக் கூடம் எழுந்தது. கானோவும் ஒரு புத்தர் கோயிலில்தான் தொடங்கினார் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. 1974-இல் பெண்களுக்கென ஆண்டு முகாம் ஒன்றையும் கெய்கோ தொடங்கினார். ஜப்பானியக் குடியுரிமையை விட்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவர் கைக்கொண்ட வாசகம், வலிமையாக இரு, கனிவாக இரு, அழகாக இரு என்பது.

2006-இல் கோடோகான் அவருக்கு 9-ஆம் டான் வழங்கியது. 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு 10-ஆம் டான் வழங்கியது. அப்போது அவருக்கு 98 வயது. உலகில் எந்தப் பெண்ணும் அதுவரை எட்டாத நிலை அது. பாயில் நின்று கற்பிக்க முடியாத வயதில் நாற்காலியில் உட்கார்ந்து கற்பித்தார். 2013 பிப்ரவரி 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் 99 வயதில் காலமானார். கானோவிடம் நேரடியாகக் கற்றவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவர்.

ஒரு பயிற்சியாளரின் நன்றியுணர்வு எங்கே தெரியும் என்று கேட்டால், நான் இந்த 99 ஆண்டுகளின் கடைசிப் பகுதியைக் காட்டுவேன். 6-ஆம் டானுக்கு அப்புறம் அவருக்கு நிரூபிக்க எதுவும் இல்லை. உடம்பு ஓய்வு கேட்டது. ஆனால் 1935-இல் ஒருவர் தம்மை அழைத்தார் என்பதால், வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் உள்ளே அழைத்தார். கசப்பு இருந்திருக்க நியாயம் உண்டு. கற்பிப்பதை அது தொடவில்லை.

என் கூடத்தில்

கெய்கோ வாழ்நாள் முழுவதும் தேர்ந்து கற்பித்த ஜூ-நோ-காட்டாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கானோ அமைத்த அசைவு வரிசை அது. மூன்று தொகுதிகள், தொகுதிக்கு ஐந்தாக மொத்தம் 15 அசைவுகள். யாரும் யாரையும் தரையில் வீழ்த்துவதில்லை. சட்டையைப் பிடிப்பதில்லை, ஆகையால் ஜூடோ உடைகூடத் தேவையில்லை. முதல் அசைவில் ஒருவரின் கை மற்றவரின் நெற்றியை நோக்கி மூன்றடி வைத்து மெல்ல நீளும். தொடப்போகும் நேரத்தில் மற்றவர் உடலைத் திருப்பி வழிவிடுவார். நீண்ட கையைத் தடுக்காமல் அதன் போக்கிலேயே பற்றி மேலே நீட்டுவார். முதுகு முழுவதும் விரிந்து நிமிரும். பார்க்க மிக எளிது. செய்யும்போதுதான் நம் உடம்பில் எத்தனை இடத்தில் தேவையில்லாத முறுக்கு இருக்கிறது என்று தெரியும்.

என் கூடத்தின் திண்ணையில் மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு தாய்மார் தண்ணீர் பாட்டிலும் பையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை அழைத்துவந்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, அழைத்துப்போவார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களில் ஒருவரையும் உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்து சேர்வதே அவர்களால்தான். அந்தக் கடனை நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

சென்ற மாதம் கூப்பிட்டேன். "எங்களுக்கு இந்த வயதில் என்ன மாஸ்டர்" என்று சிரித்தார்கள். நான்கு பேர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். சுடிதார் துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டு, ஒருவர் சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் நின்றார். எப்படி வணங்குவது என்பதைப் பதினோரு வயது மகள் தன் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, முதலில் இடது கால், பிறகு வலது" என்றாள். முதல் தொகுதியின் ஐந்து அசைவுகளில் இதுவரை இரண்டு முடிந்திருக்கின்றன. வரும் வியாழக்கிழமை மூன்றாவதைத் தொடங்குகிறோம்.